ஒரு கதைக்கு மூன்று அபிப்பிராயம்

வடபழனியில் விருத்தகிரி என்றொரு படத் தயாரிப்பாளர். ஆள் தங்கம், காதுதான் அவருக்குச் சத்துரு. கதை சொல்ல வருகிற இயக்குநர் கொஞ்சம் நடித்துக் காட்டி, வாயாலேயே பின்னணி இசையும் போட்டுவிட்டால் போதும், மனிதர் உருகிப்போய் அட்வான்ஸை நீட்டிவிடுவார். அப்படி எடுத்த இரண்டு படமும் வந்த சுவடு தெரியாமல் போயின. இனி ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும். அதுவும் கவிழ்ந்தால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஊர்ப்பக்கம் போக வேண்டியதுதான். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

இந்த நிலையில் இளவழகன் என்ற புது இயக்குநர் ஒரு கதையோடு வந்தான். சூடு கண்ட பூனை அல்லவா? விருத்தகிரி தான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தம்மிடம் வேலை பார்க்கும் மூன்று பேரிடம் அபிப்பிராயம் கேட்டார்.

மேனேஜர் கோதண்டம், இளவழகனை எதிரே உட்கார வைத்து நேரிலேயே கதை கேட்டார். "அடேயப்பா! மழை சீனுக்கு வாயாலேயே மியூசிக் போட்டான் பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் சார்" என்றார்.

"மழையில என்னய்யா நடக்குது?" என்றார் விருத்தகிரி.

"அண்ணனோ தம்பியோ, யாரோ ஊரை விட்டுப் போறான் சார்" என்று கோதண்டம் தலையைச் சொறிந்தார்.

அடுத்தவள் பெனிட்டா. வருகிற திரைக்கதைகளைப் படித்துக் கருத்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். முகதாட்சண்யம் வந்துவிடக் கூடாதென்று இயக்குநரைப் பார்க்காமலே படிப்பாள். ஆடி மாதமே இதைப் படித்துவிட்டு, "வேண்டாம் சார். முதல் பாதி இழுவை, வசனமெல்லாம் பிரசங்கம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மூட்டை திரைக்கதை படித்தாயிற்று. போன வாரம் படித்த கதையின் நாயகன் பெயரைக் கேட்டாலே பாவம், விழிப்பாள்.

மூன்றாமவர் எடிட்டர் நசீர். வேலை ஓயாத மனிதர். இளவழகனையும் பார்க்கவில்லை, காகிதத்தையும் தொடவில்லை. தீபாவளி நெரிசலில் பெனிட்டாவோடு காரில் மாட்டிக்கொண்டபோதுதான், "அந்தக் கதை என்னம்மா?" என்று கேட்டார். அவள் சலித்துக்கொண்டே ஆரம்பித்து, ஒரு காட்சி விடாமல் முடிவு வரை சொன்னாள்.

"பெனிட்டா கார்ல கதை சொல்லச் சொல்ல, நான் இறங்க வேண்டிய இடம் தாண்டினதே தெரியலை சார். எடுங்க" என்றார் நசீர்.

விருத்தகிரிக்குத் தலை சுற்றியது. நீங்களே சொல்லுங்கள்: அவர் படத்தை எடுப்பதா, விடுவதா? மூவரில் யாரை நம்பி முடிவு செய்வது?

விடை: எடுக்கலாம், பெனிட்டாவை நம்பி. கோதண்டத்தை அழ வைத்தது இளவழகனின் குரல். கதை அவர் மனசில் நிற்கவே இல்லை. நசீருக்குக் கிடைத்தது பெனிட்டா நினைவில் வைத்திருந்த கதை. எத்தனையோ கதையை மறந்தவள், பிடிக்காத இந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. அவள் சொன்ன குறைகளும் நிஜம்தான். அதனால் விருத்தகிரி, வசனத்தை வெட்டி முதல் பாதியைச் சரிசெய்ய அவளையே இளவழகனோடு உட்காரச் சொன்னார்.

"நான் வேண்டாம்னுதானே சார் சொன்னேன்?" என்று அவள் திகைத்தாள்.

"நீ வேண்டாம்னுதாம்மா சொன்னே. ஆனா கதையை மறந்தியா?" என்றார் அவர்.