பதினோராவது ஆள்

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"நாலு வருஷமா அதையேதான் கேக்குறே. கேளு."

"அவினாசி தங்கவேலு பெரிய ஆளா, போத்தனூர் ஜெரால்ட் பெரிய ஆளா?"

மாஸ்டர் குனிந்து காலுக்குப் பேடு கட்டிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்து நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைய ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர்களில் நான் ஒருவன். அம்பயர் காதில் விழுவதையெல்லாம் கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இருபது வருஷமாக அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து வருகிறேன். என் வீட்டுக்காரியைக் கேட்டால் அதுவும் இல்லை என்பாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டீம் அது. மாஸ்டர் என்றால் கிரிக்கெட் மாஸ்டர் இல்லை, கட்டிங் மாஸ்டர். பெயர் வெள்ளியங்கிரி, வயது நாற்பத்தொன்று. சுழற்பந்து போடுவார். மட்டை பிடிக்க வேண்டி வந்தால் கடைசி ஆளாக இறங்குவார். கேள்வி கேட்டவன் நவநீதன். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறான். ஆறாவதாக இறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது அவன் பொறுப்பு. அவன் ஆட்டம் படித்ததெல்லாம் மாஸ்டரிடம்தான். பதினோராவது ஆளிடம் போய் பேட்டிங் கற்றுக்கொண்டவன் என்று மற்ற டீம்காரர்கள் அவனை ஓட்டுவார்கள்.

தங்கவேலுவும் ஜெரால்டும் எங்கள் பக்கத்து லீக்கில் பெரிய பெயர்கள். இருவருமே ஓய்வு பெற்றுவிட்டார்கள். தங்கவேலு எந்த ஆட்டத்தையும் ஐம்பதாவது ஓவர் வரை இழுத்துக்கொண்டு போய் கடைசியில் ஜெயிப்பார். ஜெரால்ட் நாற்பத்தாறிலேயே முடித்துவிட்டு மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். டீக்கடையில் இன்றைக்கும் இந்தச் சண்டை ஓயவில்லை. தங்கவேலு பாதி ஆட்டத்தில் நாட் அவுட்டாக நின்றே சராசரியை ஏற்றிக்கொண்டார் என்பான் ஒருத்தன். ஜெரால்டுக்கு நெருக்கடி என்றால் என்னவென்றே தெரியாது, அதற்கு முன்னாடியே ஓடிவிடுவார் என்பான் இன்னொருத்தன்.

நவநீதனுக்கு அது டீக்கடைச் சண்டை இல்லை. இரண்டு வாரம் முன்னால் அவன் ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை கொண்டுபோனான். மூன்று ரன் வேண்டிய இடத்தில் அவுட் ஆனான். அந்தத் தோல்வியில்தான் டீம் பட்டியலின் அடிக்குப் போனது. இன்றைக்கு ஜெயித்தே ஆகவேண்டும். சமன் ஆனாலும் போதாது, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் டீமையே கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிற மனுஷன்.

"சாப்டியா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இறங்கலீங்க."

"தூங்குனியா?"

"எங்கீங்க. கண்ண மூடுனா அந்தப் பந்துதான் வருது." அவன் குரல் தாழ்ந்தது. "இழுக்கறதா, அடிச்சு முடிக்கறதான்னு தெரியலீங்க மாஸ்டர். நீங்க ரெண்டு பேரு கூடயும் ஆடியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னா அது மாதிரியே ஆடிருவேன்."

மாஸ்டர் பேடின் கடைசி வாரை இழுத்து மாட்டினார். அவர்கள் டீம் பேட்டிங் தொடங்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கடைசி ஆள் எதற்கு இப்பவே பேடு கட்டுகிறார் என்று யாரோ சிரித்தார்கள். அவர் எப்போதும் அப்படித்தான். முதல் பந்துக்கு முன்னால் கட்டுவார், ஆட்டம் முடிந்துதான் அவிழ்ப்பார். பெரும்பாலும் அழுக்குப் படாமலே அவிழ்ப்பார்.

"நான் அவங்களோட ஆடல கண்ணு. நின்னேன்," என்றார்.

வேண்டியது இருநூற்று முப்பத்தாறு. நாற்பத்தேழாவது ஓவரின் கடைசிப் பந்தில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. மூன்று ஓவர், பதினேழு ரன். நவநீதன் எழுபதைத் தாண்டி நின்றான். மாஸ்டர் நடந்து வந்தார். மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கைதட்ட எழுந்தவர்கள் இல்லை, உட்கார முடியாமல் எழுந்தவர்கள்.

நாற்பத்தெட்டாவது ஓவர் என் முனையிலிருந்து. அடிக்கப்போவது நவநீதன். மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் இடது பாக்கெட்டில் ஆறு புளியங்கொட்டை. ஒரு பந்துக்கு ஒரு கொட்டை வலது பாக்கெட்டுக்குப் போகும். பந்து எண்ண மெஷின் எல்லாம் வந்துவிட்டது, எனக்கு இதுதான் பழக்கம்.

முதல் பந்து நான்கு. இரண்டாவது, ஓடி இரண்டு. அடுத்தது கால் பக்கம் வெகுவாக விலகிப் போனது. வைடு காட்டினேன், கொட்டையை நகர்த்தவில்லை. அடுத்த இரண்டு பந்திலும் ஒரு ரன் இருந்தது. மாஸ்டர் இரண்டடி வெளியே வந்தார். நவநீதன் கையை உயர்த்தித் தடுத்தான். மாஸ்டரைப் பந்துக்கு முன்னால் நிறுத்த அவனுக்கு மனமில்லை.

அடுத்த பந்தைத் தட்டிவிட்டு ஓடி வந்தான். என் பக்கம் வந்ததும் மூச்சு வாங்கியபடி கையுறையைத் தளர்த்தினான். ஓவர் முடிந்தது, அடுத்த ஓவரும் தனக்குத்தான் என்ற கணக்கு. அப்போதுதான் பந்துவீச்சாளர் திரும்பித் தன் குறிக்கு நடப்பதைப் பார்த்தான்.

"சார், ஆறு ஆயிருச்சுங்களே."

"ஒண்ணு இருக்கு," என்றேன். "நடுவுல ஒரு வைடு போச்சே."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. மாஸ்டர் அதற்குள் எதிர்முனையில் மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். நவநீதன் உதடு அசைந்தது. குலதெய்வத்தைக் கூப்பிட்டான் போல.

பந்து தாழ்வாக வந்து காலில் பட்டது. பதினோரு பேரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். ஆனால் மட்டையில் பட்டுவிட்டுத்தான் பந்து காலுக்குப் போனது, என் கண்ணால் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

ஓவர் முடிந்து இடம் மாறும்போது இருவரும் நடுப்பிட்சில் நின்றார்கள். நான் நகர்வதற்குள் அவர்கள் பேச்சு காதில் விழுந்தது.

"மன்னிச்சிருங்க மாஸ்டர். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். எப்படி விட்டேன்னு தெரியல."

"தங்கவேலு பந்துக்குப் பந்து அம்பயரைக் கேப்பாரு," என்றார் மாஸ்டர். "எத்தனை இருக்குன்னு."

"அவருமா எண்ண மறப்பாரு?"

"ஒரு தடவை கூட மறந்ததில்ல."

"அப்புறம் எதுக்குங்க கேக்கணும்?"

"வாய் உலந்து போயிருமில்ல. எதையாவது பேசோணும்."

நவநீதன் அவரையே பார்த்தான். இன்னொரு அம்பயர் கூப்பிட்டதும்தான் போனான்.

நாற்பத்தொன்பதாவது ஓவரில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவன் அந்த அம்பயரிடம் விரலைக் காட்டிக் கேட்டான். ஒரு நான்கு அடித்தான். கடைசிப் பந்தில் ஒரு ரன் ஓடினான். மாஸ்டர் ஒரு பந்தும் ஆடவில்லை.

கடைசி ஓவர். மறுபடியும் என் முனை. ஆறு பந்து, நான்கு ரன். முதல் பந்தில் இரண்டு எடுத்தான். இரண்டாவதை மட்டையால் துழாவினான், படவில்லை. மூன்றாவது நேராக லாங் ஆன் ஆளிடம் போனது. மாஸ்டர் பாதி தூரம் வந்துவிட்டார். "வேண்டாங், வேண்டாங்," என்று கத்தினான். மாஸ்டர் திரும்பி ஓடி வந்து கோட்டில் மட்டையை வைத்தார். வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான், ஆனால் மூச்சு இளைத்தது.

மூன்று பந்து, இரண்டு ரன். எதிர் டீம் கேப்டன் ஆட்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். நவநீதன் பிட்சில் நடந்து எங்கள் பக்கம் வந்தான்.

"போன தடவையும் இப்படித்தான் மாஸ்டர். இதே மாதிரி நின்னேன். இப்பவாவது சொல்லுங்க. ஜெரால்டா இருந்தா என்ன பண்ணுவாரு?"

"ஜெரால்டா இருந்தா இங்க இருக்கவே மாட்டாரு."

"விளையாடாதீங்க."

"நெசமாத்தான். அவருக்குக் கடைசி ஓவர்னா ஆகாது. ராத்திரிக்குக் கஞ்சி கூட இறங்காதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் நாப்பத்தாறுலயே முடிச்சுட்டுப் போயிருவாரு."

"தங்கவேலு?"

"அவருக்குச் சீக்கிரமே அடிக்கப் பயம். அடிச்சு அவுட்டானா ஊர் பேசும்னு. வேற வழியே இல்லாத பந்து வர்ற வரைக்கும் இழுப்பாரு."

நவநீதனுக்குக் கோபம் வந்தது. நாலு வருஷமாக அவன் கும்பிட்ட இரண்டு சாமியையும் ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டாரே மனுஷன். "ரெண்டு பேருமே பயந்தாங்கொள்ளின்னு சொல்றீங்களா?"

"ரெண்டு பேரும் ஜெயிச்சாங்க கண்ணு."

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"இருக்கு. எனக்கு வேற."

"என்ன?"

மாஸ்டர் கையுறையின் நுனியைப் பல்லால் இழுத்துச் சரி செய்தார். "பந்து வராமயே போயிருமோன்னு."

நான் ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். இதற்குமேல் விட்டால் எதிர் டீம் கேப்டன் என்னைப் பிடித்துக்கொள்வான்.

நவநீதன் திரும்பிப் போனான். நடுவழியில் ஒரு தரம் நின்று பின்னால் பார்த்தான். பிறகு போய் நின்றான்.

நான்காவது பந்தைக் கவர் பக்கம் மெதுவாகத் தட்டினான். ஒரு ரன் சுலபமாக இருந்தது. மாஸ்டர் இந்தத் தடவை நகரவில்லை. தடுத்துவிடுவான் என்று பழகிப்போன கால். "வாங்," என்றான் நவநீதன். மாஸ்டருக்கு அது காதில் ஏறவில்லை. "வாங்க மாஸ்டர்," என்று அலறிக்கொண்டே பாதி பிட்சைத் தாண்டிவிட்டான். மாஸ்டர் ஓடினார்.

ஸ்கோர் சமன். இரண்டு பந்து, ஒரு ரன். அடிக்கப்போவது வெள்ளியங்கிரி மாஸ்டர்.

வெளியே ஒருத்தன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "கெடுத்தானே," என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. நவநீதன் என் பக்கத்தில் நின்றான். மாஸ்டர் அடிப்பதை அந்த இடத்தில் நின்று அன்று அவன் அதுவரை ஒரே ஒரு பந்துதான் பார்த்திருக்கிறான்.

"எத்தனை பந்துங்க சார்?"

"ரெண்டு."

ஐந்தாவது பந்து மட்டையை உரசுகிற மாதிரி போய் விக்கெட் கீப்பர் கையில் விழுந்தது. பாதிப் பேர் அப்பீல் கேட்டார்கள். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். நவநீதன் மட்டைப் பிடியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தான். ரப்பர் கிழிந்துவிடும் போலிருந்தது.

"எத்தனைங்க சார்?"

"ஒண்ணு தம்பி."

தெரிந்துதான் கேட்டான். இன்னொரு தரமும் கேட்டான். இன்னொரு தரமும் சொன்னேன். அம்பயர் அவ்வளவுதான் பேசலாம்.

கடைசிப் பந்து. மாஸ்டர் மட்டையைச் சுழற்றவில்லை. துணியில் சாக்பீஸால் கோடு போடுகிற கை அது, பந்தை மிட் ஆஃபுக்கும் கவருக்கும் நடுவில் நகர்த்திவிட்டு ஓடி வந்தார். நவநீதன் பாய்ந்தான். ஒருத்தன் பந்தை எடுத்து என் முனைக்கே எறிந்தான். நேராக ஸ்டம்பில் பட்டது. பெயில்ஸ் பறந்தபோது மாஸ்டரின் மட்டை கோட்டுக்குள் ஒரு சாண் இருந்தது. உடம்பு வெளியே தரையில் கிடந்தது.

"நாட் அவுட்," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

அப்புறம் கூட்டம். நவநீதனைத் தோளில் தூக்கினார்கள். கம்பெனி முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். மாஸ்டரை இரண்டு பேர் முதுகில் தட்டிவிட்டு நவநீதன் பக்கம் போனார்கள். அவர் எழுந்து முழங்கையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பேடு இரண்டும் செம்மண்ணாக இருந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் கொட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். தோளிலிருந்து எப்படியோ இறங்கி நவநீதன் வந்தான். மாஸ்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவருடைய பேடின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான். வார் கழலவில்லை.

"அங்க நின்னு பாத்தப்ப உங்க முட்டி ஆடுச்சுங்க மாஸ்டர். ரெண்டு முட்டியும்."

"ம்."

"தெரிஞ்சுது."

"உனக்கு ஆடலியா?"

"எனக்கு அடிக்கறப்பக் கூட இப்படி ஆடுனதில்லீங்க. கையில மட்டை இருந்தும் ஒண்ணும் பண்ண முடியாம..." வாரை மறுபடி இழுத்துப் பார்த்தான். "ரெண்டே ரெண்டு பந்து. செத்துப் பொழச்சேன்."

மாஸ்டர் குனிந்து, அவன் கையை விலக்காமல், வாரைத் தானே கழற்றினார்.

"எனக்குப் பதினேழு வருஷம், கண்ணு."