சுனைக்கரைக் குமட்டிக்கொடி

மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கும் ஒரு காட்டில், ஒரே ஒரு சுனை இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த விலங்கானாலும் வானத்தைப் பார்த்து, "தண்ணீர் தந்தவரே, நன்றி" என்று தலைவணங்கிவிட்டுத்தான் வாய் வைக்கும்.

ஒருநாள் சுனைக்கரையில், கசப்புக் காய் காய்க்கும் பேய்க்குமட்டிக் கொடி முளைத்துப் படர்ந்தது. அதன் நிழலில் ஒரு விரியன் பாம்பு குடிவந்தது. அதன் பேச்சில் தேன் ஒழுகும்.

"கண்ணுக்குத் தெரியாதவருக்கு எதற்கு நன்றி? கண்முன்னே நிழல் தருகிறதே இந்தக் கொடி, இதைக் கும்பிடுங்கள்" என்றது பாம்பு.

மான் மயங்கியது. பன்றியும் தலையாட்டியது. கொஞ்ச நாளில் வானத்தைப் பார்க்க ஆளே இல்லை. கழுதை மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. அதன் பிடிவாதம்தான் காடறிந்ததாயிற்றே!

கொடி கொழுத்தது. காய்கள் சுனையில் விழுந்து அழுகின. தண்ணீர் கசந்தது. ஆனாலும் கும்பிட்ட கொடியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் அந்தத் தண்ணீரைக் குடித்த கழுதையின் குட்டி வலியில் துடித்துச் சுருண்டு விழுந்தது.

தாய்க்கழுதைக்கு உயிரே போய்விட்டது போலிருந்தது. "இந்தக் கொடியைப் பிடுங்க வேண்டும்!" என்று கத்தியது.

"ஐயோ பாவம்! இரண்டு இலையைக் கிள்ளிப் போடு, போதும். வேர் உன்னை என்ன செய்தது?" என்று குழைந்தது பாம்பு. "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. உன் குட்டிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை."

"ஆமாம், வெயில்தான்" என்றது மான்.

கழுதைக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. விடிந்ததும் இந்தப் பாம்பு பாறையில் படிந்த பனித்துளியையல்லவா குடிக்கும்? சுனையில் வாய் வைத்ததே இல்லையே!

"அப்படியா பாம்பாரே? எல்லாரும் பார்க்க நீங்கள் ஒரு வாய் குடியுங்கள். நானும் கொடியைக் கும்பிடுகிறேன்."

பாம்பு பின்வாங்கியது. "எனக்குத் தாகம் இல்லை."

"இந்த வெயிலிலுமா?" என்றது பன்றி. அதன் குரலே மாறிவிட்டது.

கழுதை குளம்பால் மண்ணைக் கிளறியது. பன்றி மூக்கால் தோண்டியது. மான் வெட்கத்தோடு வந்து கொம்பால் நெம்பியது. வேர் போய்க்கொண்டே இருந்தது.

"இது போதுமே" என்றது மான்.

"நுனிவரை!" என்றது கழுதை.

வேர் முழுசாக வெளியே வந்து விழுந்தது. நிழல் போன பாம்பு திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அழுகிய காய்களை எல்லாம் விலங்குகள் வாரி வெளியே கொட்டின. சுனை ஊறித் தெளிந்தது. குட்டி தள்ளாடி எழுந்து வந்து, வானத்தைப் பார்த்துத் தலைவணங்கி, வயிறு முட்டக் குடித்தது. கழுதை மகிழ்ச்சியில் கத்திய கத்தல் இருக்கிறதே, மலையே திருப்பிக் கத்தியது!

நீதி: மனத்தைக் கெடுக்கும் நஞ்சு இனிய பேச்சாக வரும், அதை இலையோடு கிள்ளாமல் வேரோடு பிடுங்க வேண்டும்.