எழுப்பிய இலை

சாப்பிட உட்கார்ந்த என்னை இலையிலிருந்து எழுப்பியவன் என் தம்பி சென்னியப்பன். அவன் மகள் கல்யாணத்தில், சோறு போட்ட பிறகு. சம்பந்தி வீட்டாருக்கு இடம் வேண்டுமாம்.

முதல் தப்பு அவனுடையது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பத்தொன்பது வருடமாக அவன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. மனைவி இல்லை. காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவில்தான் சாப்பாடு. மற்ற நேரம் வெறும் தண்ணீர். சர்க்கரை இறங்கிவிட்டது. பசிதான் இறங்கவில்லை.

குன்றடி மடத்துச் சாமியம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். ஆனாலும் போய், என் நோன்பைச் சொல்லிக் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, உடம்பு நல்லா இருக்குது. ஆனா வயிறு நெறைய தின்னு எந்திரிச்சாலும் பசி அடங்க மாட்டேங்குது."

"எதுக்குங்க இந்த நோன்பு?"

"நூறு வயசு இருக்கோணும்."

"இருந்து?"

"'வாங்கண்ணா, உக்காருங்க'ன்னு என் தம்பி கூப்பிடோணும். அதைக் காதால கேக்கோணும்."

"கூப்பிட்டா போவீங்களா?"

"உடனே போயிருவனா?"

"அப்ப நூறு பத்தாதுங்க" என்று சிரித்தார்.

இலை போட்டார். சுடுசோறு, பருப்பு, நெய். பக்கத்தில் இன்னொரு இலை. அதிலும் அதேபோலப் பரிமாறினார்.

"இது யாருக்குங்க?"

"உங்க தம்பிக்கு. அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடுங்க."

காத்திருந்தேன். நெய் உறைந்தது. ஒரு எறும்பு தம்பியின் இலையில் ஏறியது.

"ஆறு மணி ஆகப்போகுதுங்கம்மா. அப்புறம் நான் சாப்பிட மாட்டேன்."

"சரி."

"அவனுக்குச் சொல்லி விட்டீங்களா?"

"இல்லையே."

"சொல்லாம எப்படி வருவான்?"



ஆறு அடித்தது. சாமியம்மா இரண்டு இலைகளையும் எடுத்து மாட்டுக்குப் போட்டார்.

திரும்பும் பஸ் அவன் ஊர் வழியாகத்தான் வரும். ஏனோ அங்கே இறங்கிவிட்டேன்.

அவன் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒற்றைத் தட்டு. எதிரே யாரும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தான், வாயில் வைக்கவில்லை.

என் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"யாருங்க அது?" என்றான்.

வாசலிலேயே நின்றேன்.

அதைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.