மரங்கொத்தி அடைத்த துளைகள்

ஒரு காட்டில் கோடை முற்றிக்கொண்டிருந்தது. குட்டை வற்றியதும் மான் கூட்டம் மலையைத் தாண்டிப் போய்விடும். காலில் அடிபட்ட ஒரு புள்ளிமானுக்கு மட்டும் அதுதான் கவலை. நொண்டிக்கொண்டு மலை ஏற முடியுமா?

"தினமும் இந்த வேங்கை மரம் வரை நடந்து வா, கால் தேறிவிடும். வருகிற நாளுக்கு ஒரு துளை போடுவேன். ஒரு நாள் தவறினாலும் எல்லாத் துளைகளையும் மண்ணால் அடைத்துவிடுவேன். பயம் இருந்தால்தான் நடப்பாய்!" என்று அதனிடம் சொன்னது கண்டிப்பான ஒரு மரங்கொத்தி.

மான் நடந்தது. இருபது நாளில் இருபது துளைகள். மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் வந்து பார்த்தால், மரத்தில் ஒரு துளைகூட இல்லை.

"ஐயோ, எல்லாம் போச்சே! இன்றுதான் உனக்கு முதல் நாள்!" என்று கத்தியது மரங்கொத்தி.

மான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மரங்கொத்திக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு அணிலிடம் கேட்டது: "நல்லதுக்குத்தானே சொன்னேன்? பயம் போதவில்லையோ?"

"நீங்கள் போடுகிற கூச்சலில் என் கையிலிருந்து கொட்டையே நழுவுகிறது, அண்ணே! மானிடமே போய்க் கேளுங்கள்."

மரங்கொத்தி தேடிப் போனது. மான் ஒரு புதருக்குள் மூச்சு வாங்க நின்றது.

"ஏன் வருவதில்லை?"

"வந்து என்ன செய்ய? நடந்ததெல்லாம்தான் போய்விட்டதே. நான் பழையபடி நொண்டிதான்."

"நொண்டி என்றால், ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?"

"உங்களைப் பார்த்ததும் குட்டையிலிருந்து ஓடி வந்து..." மான் பாதியில் நிறுத்தித் தன் காலைப் பார்த்தது.

மரங்கொத்தியும் பார்த்தது. "நான் அடைத்தது மரத்தைத்தானே!" என்றது குழப்பத்துடன். "நடந்தது உன் காலில் அப்படியே இருக்கிறதே. இது எனக்கே தோன்றவில்லையே!"

"இனிமேல் நான் வராத நாளுக்கு?"

"ஒன்றும் செய்ய மாட்டேன். நீ வருகிற நாளில் அடுத்த துளை."

மரங்கொத்தி பழைய துளைகளில் அடைத்த மண்ணையும் கிளறி எடுத்தது. மான் மறுபடி நடந்தது. நடுவே இரண்டு நாள் வரவில்லை. மரங்கொத்திக்குக் கத்த வாய் துடித்தது, அடக்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மான் தானாகவே வந்தது.

குட்டை வற்றிய அன்று கூட்டம் மலை ஏறியது. புள்ளிமான் கடைசியாகத்தான் போனது. ஆனால் மலையைத் தாண்டிவிட்டது.

நீதி: தவறிய நாளைக் காட்டி மிரட்டினால், திரும்பி வர நினைப்பவரும் ஒளிந்துகொள்வார்.