தர்க்கசிங்கம் வேண்டாமென்ற பாயசம்

ராஜா கொடுத்த மோதிரம் கையில் மின்ன, தர்க்கசிங்கம் அம்பலவாணர் பல்லக்கிலிருந்து இறங்கினார். இறங்கியதுமே மடத்து வாசலில் நின்று முழங்கினார்: "உங்கள் மடத்துச் சுவடி அத்தனையும் பொய். சாப்பிட்டு எழுந்ததும் அதை ஆற்றில் எறியப்போகிறேன். மறுப்பவன் இருந்தால் வாதுக்கு வரட்டும்!"

கூடியிருந்த ஊரே ஓரடி பின்வாங்கியது. மடத்தில் சமைக்கும் சிவக்கொழுந்து மட்டும் கேட்டான்: "சாமி அதைப் படிச்சிருக்கீங்களா?"

"படிக்க வேறு வேண்டுமா? என் குருநாதர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீ போய் இலையைப் போடு!"

இலை போட்டான். சோறும் குழம்பும் ஆகி, பாயசம் வரும் நேரம். பரிமாறுகிறவனிடம் சிவக்கொழுந்து பந்திக்கே கேட்கும்படி சொன்னான்: "பாயசத்துல உப்பைக் கொட்டிட்டாங்களாம்ப்பா."

தர்க்கசிங்கம் இலையைக் கையால் மறைத்தார். "சீச்சீ! கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டு!"

"ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க சாமி."

"அதுதான் சொல்லிவிட்டார்களே! குடித்து வேறு பார்க்க வேண்டுமா?"

சிவக்கொழுந்து பாயச வாளியைத் தானே வாங்கி அடுத்த இலைகளுக்கு ஊற்றிக்கொண்டே போனான். "அடடா, வெல்லப்பாகு மாதிரி இருக்குய்யா, இன்னும் ஊத்து!" என்று பந்தியெங்கும் குரல். ஏலக்காய் வாசனை தர்க்கசிங்கத்தின் மூக்கைத் துளைத்தது. இலையை மறைத்த கை மெல்ல விலகியது. ஊர் சிரித்த சிரிப்பில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கரண்டி வாங்கி, இலையை வழித்துக் குடித்தார். "இன்னொரு கரண்டி!" என்றார்.

சிவக்கொழுந்து கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். "சுவடியைப் படிச்சுட்டு வாங்க சாமி. பாயசம் எங்கேயும் ஓடிடாது."