தும்பியைப் படமெடுக்க முதலில் வாங்க வேண்டியது

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளக்கரையில் மெர்லினின் வீடு இருந்தது. பூச்சிகளை மிக அருகில் சென்று படமெடுப்பதில் அவர் பெயர் பெற்றவர். அவரிடம் சீடராகச் சேர்ந்த தாணுலிங்கம், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மிக மூத்தவர். ஆனாலும் குரு வந்தால் எழுந்து நிற்பார்.

முதல் நாளே தாணுலிங்கம் கடைகளில் வாங்கிய விலைப்பட்டியல்களைத் தரையில் பரப்பினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் படித்தார்.

"அறுபது, நூறு, நூற்றெண்பது மில்லிமீட்டர்னு மூணு லென்ஸ் போட்டிருக்கான் டீச்சர். நான் தொடக்கக்காரன். முதல்ல எதை வாங்கணும்?"

"எதைப் படமெடுக்கப் போறீங்க?"

"தும்பி. அதோட கண்ணு மட்டும். பெருசா."

"அவசரமா?"

"ரொம்ப. என் மச்சினன் வீடு கட்டியிருக்கான். ஹால் சுவர்ல ஒரே ஒரு படம்தான் மாட்டுவானாம். என் படமா, என் சகலை செண்பகராமன் படமான்னு பால்காய்ப்பு அன்னைக்குத் தீர்ப்பு. அவருகிட்ட பீரங்கி மாதிரி ஒரு லென்ஸ் இருக்கு. மீன்கொத்தி எடுத்து வச்சிருக்காரு."

"நல்லா இருக்கா?"

தாணுலிங்கம் பெருமூச்சு விட்டார். "நல்லா இருக்கு. அதான் பிரச்சினை. நான் தோத்தா, அந்த வீட்டுல காப்பி குடிக்கிறப்பல்லாம் அந்த மீன்கொத்தி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே குடிக்கணும்."

மெர்லின் விலைப்பட்டியல்களை அடுக்கி அவர் கையில் கொடுத்தார்.

"நீளமான லென்ஸ்னா தள்ளி நின்னு எடுக்கலாம். மத்ததுக்கெல்லாம் கிட்டப் போகணும். எவ்வளவு கிட்ட வர விடும்னு தும்பியைக் கேட்டுட்டு வாங்க."

படித்துறை ஓரத்தில் தண்ணீரிலிருந்து ஒரு காய்ந்த கோரைத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் ஒரு சிவப்புத் தும்பி உட்கார்ந்திருந்தது. தாணுலிங்கம் இடுப்பிலிருந்து இரும்பு அளவு நாடாவை எடுத்தார். படிகளில் இறங்கினார். நாடாவைத் தும்பியை நோக்கி மெல்ல நீட்டினார். நாடாவில் வெயில் பட்டு மின்னியது. தும்பி பறந்தது. நாடா சடக்கென்று சுருண்டு அவர் விரலைக் கடித்தது.

"ரெண்டு முழத்துலயே ஓடிட்டு டீச்சர்," என்றார் விரலைச் சப்பிக்கொண்டு. "அப்போ நூற்றெண்பதுதான். கடைக்குப் போன் பண்ணிரட்டா?"

"நாளைக்கும் ஒரு தடவை கேளுங்க. தும்பியும் மனசு மாறும்."

மறுநாள் நாடாவைக் கொண்டுபோகவில்லை. வெள்ளைச் சட்டைக்குப் பதில் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டார். தும்பி அவரை ஒரு முழம் வரை வரவிட்டது. பிறகு அவருடைய நிழல் அதன்மேல் விழுந்தது. பறந்துவிட்டது.

"ஒரு முழம்! இப்போ நூறு போதும்லா?"

"நாளைக்கு?"

மூன்றாம் நாள் வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போய்ப் படியில் உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்தபடியே நகர்ந்தார். துணி துவைக்க வந்த பெண் வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன தேடுதீய சார்? மோதிரம் எதும் விழுந்துட்டா?"

தாணுலிங்கம் உதட்டில் விரலை வைத்தார்.

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பாவம். நல்ல வேலையில இருந்தவரு."

அன்றைக்கு ஒரு சாண்.

மாலையில் அவர் குருவின் முன்னால் வந்து நின்றார். கோபமாக இருந்தார்.

"டீச்சர், தினமும் அளவு மாறுது. அளவு மாறினா லென்ஸும் மாறுது. இப்படியே போனா நான் எதை வாங்க? நாளை கழிச்சுப் பால்காய்ப்பு!"

மெர்லின் உள்ளே போனார். ஒரு பழைய சாதாரண லென்ஸையும் ஒரு மெல்லிய வளையத்தையும் கொண்டுவந்தார். வளையத்தை வைத்து, லென்ஸை முன்பின்னாகத் திருப்பி, சீடரின் கேமராவில் மாட்டினார்.

"தலைகீழா இருக்கு," என்றார் தாணுலிங்கம்.

"ஆமா."

"பாலத்தைத் தலைகீழாக் கட்டச் சொல்ற மாதிரில்லா இருக்கு!"

"இதுல தும்பியோட கண்ணு பெருசாத் தெரியும். ஆனா நாலு விரல் தூரத்துக்குப் போகணும். லென்ஸைத் திருகாதீங்க. நீங்கதான் முன்னால பின்னால அசையணும்."

"நாலு விரலா? அது என்ன எனக்குச் சொந்தக்காரனா?"



மறுநாள் காலையில் தாணுலிங்கம் படித்துறையில் உட்கார்ந்தார். கேமராவைக் கழுத்தில் மாட்டி, இடது கையை முழங்காலில் வைத்திருந்தார். குரு மேல்படியில் இருந்தார். தும்பி தண்டில் இருந்தது. தாணுலிங்கம் ஒரு சாண் தூரத்துக்கு வந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

தும்பி எழும்பியது. ஒரு வட்டம் அடித்தது. வந்து அவருடைய இடது கைக் கட்டைவிரலில் உட்கார்ந்தது.

"டீச்சர்," என்றார் உதடு அசையாமல். "அதுவே வந்துட்டு."

"தெரியுது."

"இதுக்கு எந்த லென்ஸ்?"



தாணுலிங்கம் கட்டைவிரலை மெல்ல முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார். எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. வலது கையால், பொடி எழுத்துப் படிக்கும்போது செய்வதுபோல, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

அவர் வாய் திறந்தது.

"டீச்சர்... கண்ணுக்குள்ள கண்ணு கண்ணா... தேன்கூடு மாதிரி... மேல சிவப்பு, கீழ வேற நிறம்... தலையைத் திருப்பி என்னையப் பாக்குது டீச்சர்! எவ்வளவு முடி இருக்கு மூஞ்சில!"

இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடி வழுக்கியது. மூக்கில் தட்டி, முழங்காலில் தட்டி, குளத்தில் விழுந்தது. தும்பி பறந்தது. தண்ணீரில் நாலைந்து குமிழிகள் வந்தன. பிறகு அவையும் இல்லை.

"போச்சு! கண்ணாடி போச்சு! தும்பியும் போச்சு!"

"அசையாம இருங்க," என்றார் மெர்லின். "தும்பி பழைய இடத்துக்கே வரும்."

"வந்தாலும் எனக்குத் தெரியாதே!"

"கேமராவுல கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். தெளிவாத் தெரியிற வரைக்கும் திருப்புங்க."

தாணுலிங்கம் தடவிப் பார்த்துத் திருப்பினார். தும்பி வந்து தண்டின் நுனியில் உட்கார்ந்தது. அவர் சாய்ந்தார். ஒரு சாண். நாலு விரல். கொஞ்சம் முன்னால் அசைந்தார், கொஞ்சம் பின்னால் அசைந்தார். அழுத்தினார்.

பிறகு படிகளைக் கையால் தடவித் தடவி மேலே ஏறி வந்து கேமராவை நீட்டினார்.

"கண்ணாடி இல்லாம என் கண்ணை நம்ப முடியாது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மெர்லின் பார்த்தார். இறக்கைகள் கலங்கியிருந்தன. வால் இருக்கும் இடமே தெரியவில்லை. ஒரு கண் மட்டும், ஒவ்வொரு அறையையும் எண்ணிவிடலாம் போல, தெளிவாக இருந்தது.

"எப்படி டீச்சர்? மீன்கொத்தி?"

"மீன்கொத்தியை மாடிப்படிக்குக் கீழே மாட்டிக்கலாம்."

தாணுலிங்கம் அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் குரு இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கைகட்டினார்.

"இனிமேலாவது சொல்லுங்க டீச்சர். கடையில இன்னைக்கே வாங்கிருதேன். தொடக்கக்காரன் முதல்ல என்ன வாங்கணும்?"

மெர்லின் குளத்தைப் பார்த்தார்.

"கண்ணாடிக்கு ஒரு கயிறு," என்றார்.