அணையாத் திரை

அளகேசன் தன் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடர். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற கையோடு, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குருவின் பெயர் குழல்வாய்மொழி. அவர் மடத்துக்கே அம்மா. சீடரை அவர் "அய்யா" என்றுதான் கூப்பிடுவார்.

அளகேசனுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். தீட்சை வாங்க வேண்டும். அந்த மடத்தில் தீட்சை பெறுகிறவர் விடிகாலையில் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்துணி சொட்டச் சொட்ட வந்து குருவின் முன்னால் நிற்க வேண்டும். அதற்கென்று அவர் வாங்கி வைத்த வேட்டி பெட்டிக்குள்ளேயே பழுப்பேறிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார்.

"பிறகு பார்ப்போம் அய்யா."

அதற்காக அளகேசன் மனம் தளரவில்லை. கூடத்தில், மறைந்துபோன பெரிய குருவின் படத்துக்கு முன்னால் ஓர் அணையா விளக்கு உண்டு. அதைக் காப்பது அவர் பொறுப்பு. சாரல் காற்று ஜன்னலைப் பிய்க்கும் மாதங்களிலும் அவர் அதை அணைய விட்டதில்லை. தும்மல் வந்தால்கூட விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் தும்முவார்.

ஒருநாள் மடத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சிங்கப்பூர் பக்தர் ஒருவர் ஏதோ அனுப்பியிருந்தார். அவருடைய மகன் விளையாடி விளையாடியே பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறான். அப்பா கோபத்தில் பையனை விட்டுவிட்டு அவன் கம்ப்யூட்டர் திரையை, அந்த மானிட்டரைத் தூக்கி மடத்துக்கு அனுப்பிவிட்டார்.

"பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அளகேசன். அரசாங்கத்தில் இருந்தவர் அல்லவா.

பிரித்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே நன்றாக வளைந்திருந்தது.

"என்னவே இது? சாமானை வளைச்சுக் கொண்டாந்திருக்கீரு!" என்று வண்டிக்காரர்மேல் பாய்ந்தார் அளகேசன்.

"அண்ணாச்சி, நான் பெட்டியைத் தொடவே இல்ல."

"தொடாமலா இப்படி வளையும்? கயித்தை இறுக்கிக் கட்டியிருப்பீரு!"

சமையல்கட்டிலிருந்து கோமு அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "மெல்ல நிமித்திப் பாருங்க அண்ணாச்சி. வெயில்ல வச்சா நிமிரும்," என்றார்.

நல்லவேளையாக அப்போது நித்திலன் வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, வருஷம் பாதி மடத்திலேயே கிடப்பவன்.

"ஐயோ, கை வைக்காதீங்க சார்! அது வளைஞ்சுதான் இருக்கும். கேம் விளையாடுறப்போ நம்மளைச் சுத்தி எல்லாம் நடக்கிற மாதிரி தெரியும். இது ஓஎல்இடின்னு ஒரு வகைத் திரை. ரொம்ப ஒசத்தி."

அம்மா வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது எதுக்கு அய்யா ஆகும்?"

"தெரியலியேம்மா."

"பார்த்துச் சொல்லுங்க. எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு. சரியாச் சொல்லிட்டா மறுநாளே தீட்சை வச்சுக்கிடலாம்."

அளகேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே பெட்டியைத் திறந்து வேட்டியை வெயிலில் காயப்போட்டார்.

முதலில் மடத்துக் கம்ப்யூட்டரில் அதை மாட்டி, மடத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு மாசமும் ஒரே வரிசையில் விரிந்தது. ஆகா என்றார். ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக ஏதோ கசிந்தது. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு திரையைத் துடைத்தார்.

"அது அப்படித்தான் சார். இது படம் காட்டத்தான் செஞ்சது. கணக்கு எழுத இல்ல," என்றான் நித்திலன்.

சித்திரைக்கு இடப்பக்கமும் பங்குனிக்கு வலப்பக்கமுமாகத் திரும்பித் திரும்பிச் சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டது. கோமு அக்கா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினார்.

"கணக்குக்கு ஆகாதும்மா. கழுத்து வலிக்கு," என்றார் அளகேசன் அம்மாவிடம்.

"கழுத்து யாருது?"

"என்னுதுதான்."

"நான் கழுத்தையா பார்த்துச் சொல்லச் சொன்னேன்?"

அடுத்து சினிமா. கோமு அக்கா கேட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். பெரிய திரையின் நடுவில் சின்னதாகப் படம் ஓடியது. இரண்டு பக்கமும் காலி.

"இம்புட்டு எடத்தையும் சும்மா போட்டிருக்கானே," என்று அக்கா ஆதங்கப்பட்டார்.

படத்தில் இரவு வந்தது. கதாநாயகி காட்டுக்குள் ஓடினாள். அப்படி ஒரு கறுப்பை அளகேசன் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. மை மாதிரி இருந்தது. கரண்டு போய்விட்டது என்று அக்கா எழுந்தே விட்டார்.

"எப்படிப்பா இவ்வளவு கறுப்பா வருது?"

"இதுல ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்கு சார். கறுப்பு வேணும்னா அந்த விளக்கை அப்படியே அணைச்சிடும்."

"அணைச்சிடுமா?" அளகேசனின் முகம் சுருங்கியது. விளக்கை அணைத்துத்தான் ஒரு சாமான் பேர் வாங்க வேண்டுமா என்று அவருக்குப் பட்டது.

பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தது. படம் பாதி, எட்டிப் பார்க்கும் அக்காவின் முகம் பாதி.

"சினிமாவுக்கு ஆகும்மா. ஆனா ஜன்னலைச் சாத்தணும்."

"சாத்துனா காத்து வராதே."

"வராதும்மா."

"அப்ப சினிமாவுக்கு ஆகும், கோமுவுக்கு ஆகாதுன்னு எழுதிக்கிடுங்க."

மூன்றாவதாக விளையாட்டு. நித்திலன் ஒரு கார்ப் பந்தயத்தைப் போட்டுக் கொடுத்தான். சும்மா ஒரு தடவை என்றுதான் அளகேசன் உட்கார்ந்தார். வளைவு வந்தால் வண்டியோடு சேர்ந்து அவரும் சாய்ந்தார். ஒரு பெரிய வளைவில் வண்டி தப்பித்துவிட்டது. அளகேசன் நாற்காலியோடு தரையில் கிடந்தார்.

"இதுக்குத்தான் செஞ்சிருக்கான்!" என்று கிடந்தபடியே கத்தினார்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். நானும் ஓட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். நிதானமாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அம்மா, எல்லாரும் முந்திப் போறாங்க!" நித்திலன் பதறினான்.

"போகட்டும். ஆத்துல தண்ணி போகுது பாரு. நல்லாச் செஞ்சிருக்கான்."

கடைசி இடம் கிடைத்தது. அம்மா திருப்தியாக எழுந்து போனார்.

அளகேசனுக்குத்தான் தலை சுற்றியது. ஒருத்தருக்கு ஆவது இன்னொருத்தருக்கு ஆகவில்லை. இப்படி ஒரு பதிலைச் சொன்னால் எந்தக் குரு தீட்சை கொடுப்பார்?

ஆடி பிறந்ததும் அம்மா திருநெல்வேலிப் பக்கம் பயணம் போனார். பக்தர்கள் வீடு வீடாகப் போய்விட்டு ஆவணியில்தான் திரும்புவார். அவர் இல்லாத மடம் அளகேசனுக்கு வெறிச்சோடிக் கிடந்தது. சோறு இறங்கவில்லை. கூடத்தில் பெரிய குருவின் முன்னால் விளக்கு எரிந்தது. ஆனால் தன் குருவின் முகத்தைப் பார்க்க வழியில்லையே என்று ஏங்கினார். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மடத்தில் அந்தத் திரைக்கு வேறென்ன வேலை இருக்க முடியும்?

நித்திலன் எப்போதோ எடுத்த ஒரு படம் இருந்தது. மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் அம்மா சிரித்துக்கொண்டு நிற்பார். திரையைத் தியான அறைக்கு மாற்றி, அந்தப் படத்தை அதில் முழுக்கப் போட்டார். வெளிச்சத்தைக் கூட்டு என்றார் நித்திலனிடம். இன்னும் கூட்டு என்றார். உச்சத்தில் போய் நின்றது. அந்தப் பிரகாசத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அளகேசன் தேம்பி அழுதுவிட்டார்.

"அப்பப்போ அணைச்சிடுங்க சார். ஒரே படத்தை விடாமப் போட்டா இந்தத் திரையில அப்படியே படிஞ்சு போயிடும். அப்புறம் போகாது," என்றான் நித்திலன்.

"குரு முகம் படிஞ்சா நல்லதுதானப்பா?"

நித்திலன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அவன் சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அளகேசனின் பராமரிப்பில் இப்போது இரண்டு அணையா விளக்குகள். திரையில் அவ்வப்போது ஒரு அறிவிப்பு வரும். 'திரைக்கு ஓய்வு தேவை. இப்போது கொடுக்கலாமா, பிறகா?' குருவின் முகத்தைக் கையால் அணைப்பதா? அளகேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டு 'பிறகு' என்பதை அமுக்குவார். பகலில் அமுக்கினார். ராத்திரி எழுந்து வந்தும் அமுக்கினார்.

ஆவணியும் வந்தது. அம்மா திரும்பும் நாளன்று காலையில், அவருக்குக் காட்டலாம் என்று அளகேசன் கணக்கைத் திறந்தார். வைகாசி மாத அரிசிக்கும் ஆனி மாதக் கரண்டு பில்லுக்கும் நடுவே அம்மாவின் மூக்கு தெரிந்தது.

மூடித் திறந்தார். மூக்கு போகவில்லை. அதன் கீழே சிரிப்பும் தெரிந்தது.

கோமு அக்காவைக் கூப்பிட்டுச் சினிமாவைப் போட்டார். கதாநாயகன் காதல் வசனம் பேச ஆரம்பித்தான். அக்கா "முருகா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அவன் மீசைக்கு மேலே அம்மாவின் கண்கள் கனிவாகப் பார்த்தன.

பந்தயத்தைப் போட்டார். சாலை முழுக்க அம்மாவின் நெற்றி. அதன் மேலேயே கார்கள் ஓடின. அளகேசன் பதறிப்போய் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"புளி போட்டுத் தேய்ச்சுப் பாருங்க அண்ணாச்சி."

"இது என்ன பித்தளைச் செம்பா?"

புளி வைக்கவில்லையே தவிர, ஈரத்துணி, காய்ந்த துணி, கொஞ்சம் திருநீறு எல்லாம் வைத்துப் பார்த்தார். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். அளகேசன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்திரமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கொடுத்த பொருள் கெட்டுப்போயிற்று. தீட்சையும் போயிற்று. வேட்டியை எடுத்துத் தலை துவட்ட வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார்.

மாலையில் அம்மா வந்தார். முகம் கழுவிவிட்டு நேராகத் தியான அறைக்கே வந்தார்.

"என்ன அய்யா, எதுக்கு ஆகும்னு பார்த்துட்டீங்களா?"

அளகேசன் பொய் சொல்லத் தெரியாதவர். "எதுக்குமே ஆகாதும்மா. நான் கெடுத்துட்டேன்," என்றார்.

"என்ன ஆச்சு?"

"எதைப் போட்டாலும் நீங்கதான் தெரியுதீங்க."

காட்டினார். அரிசிக் கணக்கின் நடுவே சிரிக்கும் தன்னையே அம்மா உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அளகேசனுக்கு அழுகை வந்தது.

"எவ்வளவு நாளா அய்யா இப்படி?"

"இன்னைக்குக் காலைலதாம்மா பார்த்தேன்."

"திரையைக் கேக்கல. உங்களைக் கேட்டேன்."



"எனக்கா? வந்த நாள்ல இருந்தே அப்படித்தாம்மா," என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் அறிவிப்பு வந்தது. 'திரைக்கு ஓய்வு தேவை.'

"இது எப்பவும் வருமா?"

"வரும்மா."

"நீங்க என்ன செய்வீங்க?"

"பிறகுன்னு அமுக்கிருவேன்."

"இன்னைக்கு மத்ததை அமுக்குங்க."

"படம் அணைஞ்சிரும்மா."

"அமுக்குங்க அய்யா."

தும்மலில் விளக்கு அணைந்துவிடுமோ என்று முதுகைக் காட்டும் மனிதர் அவர். விரலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு 'இப்போது' என்பதை அமுக்கினார்.

கண்ணைத் திறந்தபோது கணக்கு இல்லை. அரிசி இல்லை. மூக்கும் சிரிப்பும் இல்லை. கோமு அக்கா கரண்டு போய்விட்டதென்று எழுந்தாரே, அந்தக் கறுப்பு மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருந்தது. வெளியே சாரல் விழும் சத்தம் கேட்டது.

பழக்கம் விடவில்லை. அளகேசனின் கைகள் தாமாகக் குவிந்தன. அந்த இருட்டைப் பார்த்து அவர் அப்படியே நின்றார்.

"இப்ப யாரை அய்யா கும்பிடுதீங்க?" என்று கேட்டார் அம்மா.

அளகேசன் யோசித்தார். உங்களை என்று சொல்ல வாயெடுத்தார். அது சரியில்லை என்று பட்டது. பெரிய குருவை என்று சொல்லலாமா என்று பார்த்தார். அதுவும் பொய். கைகளை இறக்கவும் மனம் வரவில்லை.

"தெரியலியேம்மா," என்றார்.

அம்மா வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கு விடியக்காலம் அருவில குளிச்சிட்டு வாங்க," என்றார். "தலை துவட்டாதீங்க."